'காஞ்சனா' அண்ணி முதல் 'ஃபேமிலி மேன்' உமையாள் வரை... தேவதர்ஷினியின் காமெடி எங்கே தொடங்குச்சு?

கடலூர் தேவனாம்பட்டினம் பீச்சில் காத்து வாங்கிக்கிட்டே போனைத் தள்ளுறவங்க கண்ணிலும் இந்தக் காட்சி ஒருமுறையாவது பட்டிருக்கும். வீட்டில் பேய் இருக்கான்னு மாமியாரும் மருமகளும் நடுங்கிக்கிட்டே சோதனை போடுவாங்க. படம், 2011-ல் வந்த 'காஞ்சனா'. மாமியார் கோவை சரளா, மருமகள் தேவதர்ஷினி.

கோவை சரளா பக்கத்தில் நின்னு கைத்தட்டல் வாங்குறது லேசுப்பட்ட வேலை இல்லை. இதை தேவதர்ஷினி எங்கே கத்துக்கிட்டார்? பதில் சினிமாவில் இல்லை, டிவியில் இருக்கு.

ஆரம்பம் எப்படி?

1990-களில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' வரிசையில் ஒன்று 'விடாது கருப்பு'. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. இதில் தேவதர்ஷினி நடித்தார். பின்னாளில் அவர் கணவரான சேத்தனும் இதே தொடரில்தான் நடித்தார்.

இன்னொரு சுவாரசியம், இதில் பாட்டியாக வந்தவர் சி.டி.ராஜகாந்தம். 1941-ல் 'சபாபதி'யில் காளி என்.ரத்தினத்துடன் சேர்ந்து கலக்கியவர். அந்தக் காலத்து காமெடி நடிகையும், பின்னாளில் காமெடியில் பேர் வாங்கப்போறவரும் ஒரே தொடரில்!

திருப்புமுனை எது?

கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பில், நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'. கணவன் பேரும் ரமணி, மனைவி பேரும் ரமணி. வீட்டுச் சண்டைதான் கதை. இரண்டாம் பாகத்தில் பிருத்விராஜுக்கு ஜோடி தேவதர்ஷினி.

அமெரிக்காவில் லூசில் பால் 1951-ல் 'ஐ லவ் லூசி' தொடரில் ஜெயிச்சதும் இதே மாதிரி புருஷன் பொண்டாட்டி கலாட்டாவில்தான்.

டிவி என்ன கொடுத்தது?

சினிமாவில் காமெடி நடிகைக்குப் பெரும்பாலும் காமெடியனின் ஜோடி என்ற இடம்தான். ரெண்டு சீன் வரணும், உருவத்தை வைத்துக் கிண்டல் வாங்கணும், போகணும். 'ரமணி'யில் அப்படி இல்லை. மனைவிதான் பாதிக் கதை. அவர் என்ன சொல்றார், எந்த நொடியில் சொல்றார் என்பதில்தான் சிரிப்பே. அந்த டைமிங்தான் 'காஞ்சனா'வில் கைகொடுத்தது.

விருது எப்போ வந்தது?

'காஞ்சனா'வுக்காகத் தமிழக அரசின் சிறந்த நகைச்சுவை நடிகை விருது அறிவிக்கப்பட்டது 2017-ல். விழா நடந்தது 2022-ல். படம் வந்து 11 வருஷம் கழித்து!

இப்போ?

2018-ல் '96' படத்தில் தோழி சுபாவாக வந்தார். பள்ளிப் பருவ சுபாவாக நடித்தது அவர் மகள் நியதி. 2021-ல் 'தி ஃபேமிலி மேன்' இரண்டாவது சீசனில் சென்னை போலீஸ் அதிகாரி உமையாள். முகத்தில் சிரிப்பே காட்டாமல் சிரிக்க வைத்தார்.

அண்ணி, தோழி, போலீஸ்னு எது கொடுத்தாலும் செய்றார். ஆனா 'ரமணி' மாதிரி கதையில் சரிபாதியை நம்பிக் கொடுத்தது டிவிதான். பெரிய திரை அதை எப்போ கொடுக்கும்?