குருகுகனும் கிடாரும்

பெங்களூரைச் சேர்ந்த 'அகம்' இசைக்குழு 2007-இல் சன் டிவியின் 'ஊ லலலா' போட்டியில் வென்று தமிழ் வீடுகளுக்கு அறிமுகமானது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடும் இந்த ராக் குழுவின் முதல் ஆல்பம் 2012-இல் வந்தது. 2017-இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'எ ட்ரீம் டு ரிமெம்பர்'தான் அதிகம் விவாதிக்க வேண்டியது. அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டாம் பெட்டி போன்றவர்கள் தங்கள் சிறுநகரங்களின் வாழ்க்கையை ராக் இசையில் பாடினார்கள். அகம் தன் வேரைத் தேடிப் போனது கர்நாடகக் கிருதிகளிடம். தியாகராஜரின் 'மனவ்யாளகிஞ்சரா', முத்துசுவாமி தீட்சிதரின் 'ரங்கபுர விஹாரா' இரண்டும் இந்த ஆல்பத்தில் மின்கிடாரோடும் டிரம்ஸோடும் ஒலிக்கின்றன. கிருதியை இப்படிப் பாடுவது மரபுக்குச் செய்யும் கேடு என்பார் உண்டு. தீட்சிதரைப் பொறுத்தவரை அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்பது என் எண்ணம். அதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

ரங்கபுர விஹாரா ஸ்ரீரங்கத்துப் பெருமாளை ராமனாகக் கண்டு பாடியது. ஆனால் சரணத்தின் முடிவில் வருவது 'குருகுக' முத்திரை. அந்த முத்திரை பிறந்த இடம் திருத்தணி மலை. காசியிலிருந்து திரும்பிய தீட்சிதர் இந்த மலைக்கு வந்தபோது முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார், வந்தவர் முருகனே என்று உணர்ந்த தீட்சிதர் மாயாமாளவகௌளையில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று பாடத் தொடங்கினார் என்பது மரபாக வரும் செய்தி. தொடர்ந்து எட்டு வேற்றுமைகளிலும் குருகுகன் மேல் கிருதிகள் செய்தார். திருவாரூரில் பிறந்து எட்டயபுரத்தில் 1835-இல் மறைந்த அவர், எந்த ஊர்த் தெய்வத்தைப் பாடினாலும் இந்த மலைத் தெய்வத்தின் பெயரையே கையெழுத்தாக வைத்தார்.

திருத்தணிக்கு வருமுன்பே தீட்சிதரின் காதில் வேறோர் இசை விழுந்திருந்தது. மணலி ஜமீன்தாரான முதலியாரின் ஆதரவில் குடும்பம் சென்னைக்கு அருகே வாழ்ந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் பேண்டு வாசிப்பதைக் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடையைக் காண்பது அரிது. தீட்சிதரோ அந்த பேண்டின் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவையே நோட்டுசுவரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து மன்னருக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டில் அமைந்தது. 'அவர் வெளியிலிருந்து ஒன்றை உள்ளே கொண்டுவந்தார், இவர்கள் உள்ளே இருப்பதை வெளியே இழுக்கிறார்கள், இரண்டும் ஒன்றா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர் அந்த மெட்டுகளில் கமகத்தைத் திணிக்கவில்லை, அவற்றின் இயல்பிலேயே விட்டார். எடுத்துக்கொண்ட இசையின் இலக்கணத்தைக் காப்பதுதான் அவர் காட்டிய நெறி என்றால், அந்த நெறியை வைத்தே அகத்தையும் அளக்கலாம்.

அளந்தால் கிடார் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. தீட்சிதர் வைணிகர். வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து சுருதியை உயர்த்துவதும், கிடாரில் தந்தியை வளைப்பதும் ஒரே வித்தைதான். வீணையில் இன்னும் ஆழமாக இழுக்கலாம், மின்கிடாரில் நாதம் நீண்ட நேரம் நிற்கும். ராக் இசையின் அடித்தளமான பவர் கார்டில் இருப்பவை ஒரு சுவரமும் அதன் பஞ்சமமும் மட்டுமே. தம்புராவும் பெரும்பாலும் இதைத்தானே சொல்கிறது? சட்ஜம், மத்திமம், பஞ்சமம் மூன்றின் மேலும் இந்தக் கார்டை வைத்தால் ரங்கபுர விஹாராவின் ராகமான பிருந்தாவன சாரங்காவுக்குப் பழுதில்லை. ரிஷபத்தின் மேல் வைத்தால்தான் இன்று பாடப்படும் வடிவில் இல்லாத தைவதம் உள்ளே நுழைந்துவிடும். எச்சரிக்கை வேண்டிய இடம் அது. கிடார் என்பதாலேயே ராகம் செத்துவிடும் என்பது ஒலியை ஆராயாமல் சொல்வது.

உண்மையான இழப்பு காலப்பிரமாணத்தில் இருக்கிறது. ஒரு சுவரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் பிடிகளுக்கு தீட்சிதர் கிருதி அவகாசம் கேட்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ரங்கபுர விஹாராவில் அந்த அவகாசம் இருக்கிறது. டிரம்ஸின் அழுத்தம் ஏறும்போது அது சுருங்குவதை மறுக்க முடியாது. இதற்குப் பரிகாரமாக, 'இதைக் கேட்டு இளைஞர்கள் சபாவுக்கு வருவார்கள்' என்று சமாதானம் சொல்வார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டு தன்னளவில் தேற வேண்டும். சாகித்தியத்தைத் தெளிவாக உச்சரித்து, ராகத்தை மதித்து, பாடகரின் குரலில் கமகத்தை முடிந்தவரை காத்துப் பாடியிருப்பதால் அகத்தின் ரங்கபுர விஹாராவை ஒரு பாடமாகவே, குறையுள்ள ஆனால் முறையான பாடமாகவே கருதுகிறேன்.