கொல்லைப்புறத்தில் ஒரு கோல்ஃப் குழி

அமெரிக்காவின் லாஸ் வேகஸ் வட்டாரத்தில் தண்ணீர் அருமையான பொருள். வீட்டுப் புல்தரையை அகற்றுவோருக்கு அங்கே நீர் ஆணையமே சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது. கோல்ஃப் பிரியர்களோ தண்ணீரே கேட்காத செயற்கைப் புல்லில், பந்தை உருட்டிப் பழக ஒரு தரையைக் கொல்லையில் அமைத்துக்கொள்கிறார்கள்.

பார்வைக்கு அது பச்சை விரிப்புதான். வேலையெல்லாம் அதற்கு அடியில். மண்ணைச் சில அங்குலம் தோண்டி, ஜல்லி கொட்டி, இயந்திரத்தால் இறுக்கி, மேலே கல்தூள் பரப்பி மட்டம் பார்க்கிறார்கள். மழைநீர் வடிய லேசான சரிவும் வேண்டும். இங்கே அவசரப்பட்டால், எவ்வளவு விலையுயர்ந்த விரிப்பும் கைகொடுக்காது. ஓரிடம் அமுங்கினாலும் பந்து தடம் மாறிவிடும்.

குழியின் விட்டம் 4.25 அங்குலம், போட்டி மைதானங்களிலும் இதே அளவுதான். குட்டையான இழைகளுக்குள் சிலிக்கா மணலைத் தூவி, துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்து இறக்குவதில்தான் கைப்பக்குவம் தெரியும். பந்தின் வேகத்தை இந்த மணலே தீர்மானிக்கிறது. அதை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் உருவாக்கிய ஸ்டிம்ப்மீட்டர் என்ற கோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: சரித்துப் பிடித்த அந்தக் கோலிலிருந்து உருண்ட பந்து 10 அடி ஓடி நின்றால், வேகம் 10.

ஒரு தொல்லை உண்டு. பாலைவன வெயிலில் பிளாஸ்டிக் புல் வெறுங்கால் பொறுக்காத அளவு கொதிக்கும். பிற்பகல் நிழல் விழும் மூலையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.