உஷார்! பழ வாசனைக்கு மயங்கி ஊத் பாட்டில் வாங்காதீர்கள்

துபாயின் தெய்ரா பக்கம் மாலையில் நடந்தால், யாராவது ஒருவர் சென்ட் பாட்டிலை நீட்டிக்கொண்டு கூடவே வருவார். "ஒரிஜினல் ஊத், அண்ணா. கடையில் முந்நூறு திர்ஹாம், உங்களுக்கு முப்பது" என்பார். நாம் தலையாட்டுவதற்குள் புறங்கையில் அடித்தும் விடுவார். பீச், லிச்சி, ரோஜா, மல்லிகை எல்லாம் சேர்ந்து மணக்கும். லீவில் ஊருக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள் இதை நான்கைந்து வாங்கிப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்தால் பதறுகிறது. கொஞ்சம் நில்லுங்கள்!

அந்த முதல் மணத்தை நம்பவே நம்பாதீர்கள். பழ வாசனை தரும் பொருள்கள் பலவும் சீக்கிரம் ஆவியாகிறவை; அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பறந்துவிடும். அடுத்து பூ மணம் எழும். அடியில் இருக்க வேண்டிய ஊத் மணம் நிதானமாகத்தான் வெளிவரும். அதற்குள் பணம் கைமாறி, விற்றவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். போலி செய்கிறவருக்கு முதல் பத்து நிமிட மணம் போதும்.

ஊத் மலிவாகக் கிடைக்கக்கூடிய பொருளே அல்ல. அகில் மரத்தைப் பூஞ்சை தாக்கும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின் ஊறிய கட்டைதான் அது. காடு காடாக வெட்டித் தீர்த்ததால், அசாமில் வளரும் அகில் இனம் 1995-லேயே, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஏறியது. பத்தாண்டுக்குள் மற்ற அகில் இனங்களும் ஏறின. அசல் ஊத் எண்ணெயைத் தோலாக் கணக்கில், ஏறக்குறைய 12 மில்லியாக, அளந்து விற்கிறார்கள். முப்பது திர்ஹாமுக்கு 100 மில்லி என்றால் அதில் அசல் ஊத் இருக்க வழியில்லை. நல்ல கம்பெனிகளும் செயற்கை ஊத் மணம் சேர்க்கின்றன, அது குற்றமல்ல. வேறு என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று தெரியாத பாட்டில்தான் ஆபத்து. போலி சென்ட்டுகளில் சயனைடும் மனிதச் சிறுநீரும்கூடக் கண்டுபிடிக்கப்பட்டதாக 2015-ல் லண்டன் நகரப் போலீஸ் எச்சரித்தது. அதைத்தான் கழுத்திலும் மணிக்கட்டிலும் பூசிக்கொள்கிறோம்!

கடையில் வாங்கினாலும் அட்டையைத் திருப்பி, பொருள் பட்டியலைப் படியுங்கள். பியூட்டில்ஃபீனைல் மெத்தில்புரொப்பியோனல் என்ற பெயர் இருந்தால் வைத்துவிடுங்கள். லிலியல் என்று அழைக்கப்படும் இது, பூ மணத்துக்காகப் பல காலம் சேர்க்கப்பட்டது. இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று வகைப்படுத்தி, 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருள்களில் இதைத் தடைசெய்துவிட்டது. கர்ப்பிணிகளும், குழந்தைக்காகக் காத்திருக்கிறவர்களும் இந்தப் பெயரைக் கட்டாயம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் பட்டியலோ தயாரிப்பாளர் முகவரியோ இல்லாத பாட்டிலைத் தொடவே வேண்டாம். அட்டையிலும் பாட்டிலிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் எண்ணையும் அச்சடித்துவிடுவார்கள் என்பதால் கம்பெனியின் சொந்த ஷோரூமில் வாங்குவதே நல்லது. அங்கேயும் கையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். சில மணி நேரம் கழித்தும் மணம் பிடித்திருந்தால், தோல் சிவக்காமல் அரிக்காமல் இருந்தால், மறுநாள் வந்து வாங்குங்கள். கழுத்தில் அடித்துக்கொண்டு வெயிலில் வேலைக்குப் போகாதீர்கள். பழ வாசனைக்காகச் சேர்க்கும் பெர்கமாட் எண்ணெயில் வெயில் பட்டால் தோலைக் கருக்கும் பொருள் உண்டு.

என்னை மிகவும் பயமுறுத்துவது நெருப்புதான். அரபு வீடுகளைப் பார்த்து நம்மவர்களும் கரித்தணலில் பக்கூர் என்னும் வாசனைத் தூபம் போடுகிறார்கள், தூபக்கால் புகையை உடுப்பில் பிடிக்கிறார்கள். ஸ்பிரே சென்ட்டில் பெரும்பங்கு ஆல்கஹால். சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவி அதிலிருந்து கிளம்பும். சென்ட் அடித்த ஈர உடுப்போடு கனலும் கரிக்கு மேல் நின்றால் என்ன ஆகும்? முதலில் புகை, கரியை அகற்றிய பிறகுதான் ஸ்பிரே. இந்த வரிசையை ஒருநாளும் மாற்றாதீர்கள். ஜன்னலை மூடி ஏசி ஓடும் அறையில் கரியை வைத்துவிட்டுத் தூங்கவும் கூடாது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு மணமில்லை; மணம் இருந்தாலும் பக்கூர் வாசனையில் தெரியப்போவதில்லை.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் பாட்டிலைப் பூட்டி வையுங்கள். ஜூஸ் போல மணக்கும் எதையும் குழந்தை வாயில் வைக்கும். உள்ளே இருப்பது எத்தனால் என்றாலே சின்ன உடம்புக்கு ஆபத்து. போலியில் மெத்தனால் இருந்தால் கண்பார்வையோடு உயிரும் போகும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், "பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்காதீர்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் 998, தமிழ்நாட்டில் 108.