பெருக்கல் எளிது, பகுத்தல் அரிது

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் 14,75,73,95,25,89,67,64,12,927 என்னும் 21 இலக்க எண் கிடைக்கும். இது பகா எண்ணே என்று பிரெஞ்சுத் துறவி மெர்சேன் 1644-இல் எழுதிவைத்தார். 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூகாஸ் அது தவறென நிறுவினார். வியப்பு யாதெனில், அதன் காரணிகளுள் ஒன்றையேனும் அவர் காணவில்லை! ஓர் எண் பகுபடும் என்றறிவது வேறு. எவ்வாறு பகுபடும் என்றறிவது வேறு.

இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், அதனை 134-ஆல் வகுத்தால் மீதி ஒன்றே வரும். இவ்விதி தேடலைச் சுருக்கினும், எஞ்சியவை பல இலட்சம். 1903-இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல் விடை கண்டார்: 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கினால் அப்பேரெண் வந்துவிடுகிறது.

நாமும் இப்பெருக்கலை ஒரே தாளில் சரிபார்த்துவிடலாம். ஆனால் விடையறியாது தேடப் புகுந்தால் ஆண்டுகள் கழியும். இந்த ஏற்றத்தாழ்வு வீணன்று. பல நூறு இலக்கங்கள் கொண்ட எண்களைப் பகுப்பதிலுள்ள அருமையே, இன்று கணிப்பொறிகள் வழிச் செல்லும் இரகசியச் செய்திகளைக் காக்கும் பூட்டுகளுள் ஒன்றாக விளங்குகிறது.