ஆடு கடிக்காத செடி

எங்கள் ஊர் பரவை. மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் போனால் சமயநல்லூருக்கு முன்னால் வரும். 'பரவை என்றால் கடல்' என்று ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா சொன்னபோது வகுப்பே சிரித்தது. எங்க ஊரில் இருப்பது கண்மாயும், பக்கத்தில் வைகையும், காய்கறி மார்க்கெட்டும்தான். கடல் பார்க்க ராமேஸ்வரம் பஸ் ஏற வேண்டும். ஆனால் கடற்கரைக்குச் சொந்தமான ஒன்று எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது எனக்கு வெகுநாள் தெரியாது. அதுதான் நித்திய கல்யாணி.

அப்பத்தா அதை அந்தப் பெயரில் கூப்பிடாது. 'சுடுகாட்டு மல்லி' என்றுதான் சொல்லும். யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில், வருஷம் முழுக்க பூத்துக்கொண்டிருப்பதால் இரண்டு பெயருமே பொருத்தம்தான். எங்கள் தெருவில் ஆடுகள் வேப்பங்குழை, சுவரொட்டி, சிமெண்டுச் சாக்கு எதையும் விடாது. இந்தச் செடியை மட்டும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இதன் தாய்வீடு ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. கடலோர மணலிலும், ஆற்றங்கரையிலும், திறந்த வெளிகளிலும் தானாக முளைக்கும் குறுஞ்செடி. இந்தப் பேரினத்தில் ஒரு சில இனங்கள்தான். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மடகாஸ்கரில். அந்த ஒன்று நம் நாட்டுக்காரன்: வயலில் களையாக முளைத்து வெள்ளையாகப் பூக்கும் ஒரு பொடிச்செடி. வாசலில் இருப்பது வந்தேறி, வயலில் பிடுங்கி எறிவது சொந்தக்காரன்! பூ அழகுக்காக மனிதர்கள் கப்பலில் கொண்டுபோய் உலகமெங்கும் நட்டார்கள். 1759-ல் லின்னேயஸ் இதற்கு 'வின்கா ரோசியா' என்று பெயர் வைத்தார். இப்போதைய பெயர் 'கேத்தராந்தஸ் ரோசியஸ்'. பழைய பெயர் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மண்டபம் பக்கம் மணல்மேட்டில், அடம்புக் கொடிக்கு நடுவே இதைப் பார்த்திருக்கிறேன். உப்புக்காற்று, கொதிக்கிற மணல், எதற்கும் அசராது. இதற்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான்: தேங்கி நிற்கும் தண்ணீர். எங்கள் வீட்டில் அம்மா தொட்டியில் வைத்து, தினமும் பாசமாய்த் தண்ணீர் ஊற்றிய செடி வேர் அழுகிச் செத்தது. காம்பவுண்டுச் சுவர் வெடிப்பில் தானாக முளைத்தது இன்றும் பூக்கிறது. சிவில் படிக்கிறவன் என்ற முறையில் அந்தச் சுவரைப் பற்றி நான் வெட்கப்பட வேண்டும், அது வேறு விஷயம். மணலில் பெய்த மழை உடனே இறங்கிவிடும். அந்த வாழ்க்கைக்குப் பழகிய வேர் சேற்றில் மூச்சு முட்டிப் போகிறது.

பூவையும் கவனித்துப் பாருங்கள். ஐந்து இதழ், நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, கீழே நீளமான குழாய். தேன் அதன் அடியில். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும்தான் எட்டும்.

இனி ஆட்டுக்கு வருவோம். இலையைக் கிள்ளினால் பால் வரும். கடும் கசப்பு. நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இந்தச் செடியில் உண்டு. ஓடி ஒளிய முடியாத செடிக்கு அதுதான் ஆயுதம்.

சில வருஷங்களுக்கு முன் மாமா மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆறு வயசுப் பையன். வாரம் ஒரு தடவை ரத்தக்குழாயில் ஒரு ஊசி. மருந்து 'வின்கிரிஸ்டின்'. பார்த்தீர்களா, பழைய பெயர் இங்கே இருக்கிறது! "இது நித்திய கல்யாணியிலிருந்து எடுக்கிறதுதான்" என்று நர்ஸம்மா சொன்னார். கேட்டதுதான் தாமதம், அத்தை வீட்டுக்கு வந்ததும் வாசல் செடியில் கைநிறைய இலையைப் பறித்துக் கொதிக்க வைத்துவிட்டது. நல்லவேளை, கொடுப்பதற்கு முன் மாமா டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

காரணம் இதுதான். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய குழாய்களால் ஒரு சாரம் கட்டிக்கொள்ளும். மருந்து அந்தச் சாரத்தைக் கட்டவிடாது. செல் பிரிய முடியாமல் சாகும். புற்றுசெல் வேகமாகப் பிரிவதால் அதிக அடி அதற்கு. ஆனால் நல்ல செல்லுக்கும் நரம்புக்கும் அடி உண்டு. அதனால்தான் மில்லிகிராம் கணக்கில் அளந்து போடுகிறார்கள். தவறிப்போய்த் தண்டுவடத்தில் ஏற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. கஷாயத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று யார் அளப்பது?

இந்த மருந்து கிடைத்த கதையும் சர்க்கரை வியாதிக் கஷாயத்தில்தான் தொடங்கியது. ஜமைக்காவில் மக்கள் இந்த இலையைச் சர்க்கரைக்குக் குடித்து வந்தார்கள். 1952-ல் அங்கிருந்து ஒரு டாக்டர் அனுப்பிய இருபத்தைந்து இலைகள் கனடாவில் ராபர்ட் நோபிள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. எலிக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினார், வெள்ளை அணுக்கள் சரிந்து, எலிகள் தொற்றுநோயில் செத்தன. மற்றவர்களாயிருந்தால் மூடி வைத்திருப்பார்கள். வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? நோபிளும் சார்லஸ் பீரும் 1958-ல் 'வின்பிளாஸ்டின்' என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் தம்பியான வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963-ல் அனுமதி கிடைத்தது. (நம் ஊரில் இன்றும் சர்க்கரைக்கு இந்தப் பூவை வெறும் வயிற்றில் மெல்லுகிறவர்கள் அந்த எலிகளை நினைத்துக்கொள்ளட்டும்.)

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இவ்வளவு கஞ்சத்தனம் ஏன்? மருந்து உருவாக இரண்டு பொருள் சேர வேண்டும். ஒன்றைச் செடி இலையின் மேல்தோல் மெழுகில் பூசி வைக்கிறது. மற்றதை இலைக்குள்ளே பூட்டி வைக்கிறது. 2010-ல்தான் இது தெரிய வந்தது. இரண்டும் சந்திப்பதே அபூர்வம்.

அந்த இலைக்காகத்தான் விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில் இதை விதைக்கிறார்கள். ஐப்பசி மழையை நம்பிப் போட்டால், இலையைப் பறித்துவிட்டு, ஒரு வருஷத்தில் செடியை வேரோடு பிடுங்குவார்கள். வேரிலும் ரத்த ஓட்டத்துக்கான ஒரு மருந்துப்பொருள் இருப்பதால் அதற்கும் விலை உண்டு. வேலி கூடத் தேவையில்லை, ஆடு தொடாதே! 2022-ல் ஈஸ்ட் நுண்ணுயிரை வைத்து வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய அந்த இரண்டு பொருளையும் தயாரித்துக் காட்டியிருக்கிறார்கள். அது தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால் நம் கரிசல் விவசாயிக்கு என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு. 2019-ல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு வந்து, பிள்ளைகளைப் பெற்றவர்கள் தவித்ததை நினைத்தால், ஈஸ்ட் சீக்கிரம் வரட்டும் என்றும் தோன்றுகிறது.

மாமா மகன் இப்போது ஐந்தாம் வகுப்பு. மூன்று மாசத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை மட்டும்தான். போன மாசம் அத்தை வீட்டு வாசலில் புதுசாக ஒரு நித்திய கல்யாணி முளைத்திருந்தது. நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அத்தை சொம்பைப் பிடுங்கிக்கொண்டது. "தண்ணி ஊத்துனா செத்துப்போகும்னு நீதானடா சொன்ன?"