பெயர்ப் பலகை மாறினால் விருந்தினரின் பற்று மாறுமா? இந்திய ஹோட்டல்கள் காட்டும் அனுபவம்

மும்பை நாரிமன் பாயிண்டில் அரபிக்கடலை நோக்கி நிற்கும் உயரமான ஹோட்டல் கட்டடம், 1973ஆம் ஆண்டு 'ஓபராய் டவர்ஸ்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. 2004இல் அதன் பெயர் 'ஹில்டன் டவர்ஸ்' என்றும், 2008 ஏப்ரலில் 'ட்ரைடென்ட்' என்றும் மாறியது. இத்தனைக்கும் கட்டடத்தின் உரிமை ஈஐஎச் நிறுவனத்திடமிருந்து ஒருபோதும் கைமாறவில்லை. ஓபராய் குழுமம் அமெரிக்கப் பெயர் கொண்ட ஹில்டனுடன் செய்துகொண்ட கூட்டணியின் தொடக்கமும் முடிவுமே இந்த இரு மாற்றங்களுக்கும் காரணம்.

விருந்தினரின் கண்ணுக்கு இது வேறு விதமாகத் தெரிந்தது. ஓபராய் என்ற பெயருக்காக வந்தவர் ஹில்டன் பலகையைக் கண்டார். ஹில்டனின் உலகளாவிய உறுப்பினர் திட்டத்தில் புள்ளிகள் சேர்க்க வந்தவர், நான்கே ஆண்டுகளில் அந்த வாய்ப்பு நின்றுவிட்டதைக் கண்டார். புதிய பெயர் பழகுவதற்குள் 2008 நவம்பர் 26ஆம் தேதி பயங்கரவாதத் தாக்குதல் நிகழ்ந்தது. ட்ரைடென்ட் என்ற பெயரை நாட்டின் பெரும்பகுதி அறிந்தது அந்த நாள்களின் செய்திகள் வழியாகத்தான். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் தேதி ஹோட்டல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன்பின் அந்தப் பெயர் மாற்றப்படவில்லை.

பெயர் யாருக்குச் சொந்தம்?

ஹோட்டல் தொழிலில் கட்டடத்தின் உரிமையாளரும், அதை நடத்துபவரும், வாசலில் உள்ள பெயருக்கு உரியவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளூர் தொழிலதிபர் ஒருவர் நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்புவார். நிர்வாக ஒப்பந்தத்தின்படி பெரிய ஹோட்டல் குழுமம் ஒன்று அதை நடத்தும். வருவாயில் ஒரு பங்கையும் இலாபத்தில் ஒரு பங்கையும் கட்டணமாகப் பெறும். பெயரை மட்டும் வாடகைக்குப் பெற்று, நிர்வாகத்தை உரிமையாளரே கவனித்துக்கொள்ளும் முறையும் உண்டு. ஒப்பந்தம் முடிந்தாலோ முறிந்தாலோ பெயர் அதற்கு உரியவருடன் போய்விடும். கட்டடமும், பெரும்பாலும் ஊழியர்களும் அங்கேயே இருப்பார்கள்.

கேரளத்தின் கோவளம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த கடற்கரை விடுதி, இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'அசோக்' பெயரில் இயங்கியது. பொதுத்துறை ஹோட்டல்களை விற்கும் மத்திய அரசின் முடிவையொட்டி 2002இல் அது தனியாரிடம் சென்றது. அதன்பின் லெ மெரிடியன் ஆனது. 2005இல் லீலா குழுமம் வாங்கியதும் லீலா ஆனது. 2011இல் கேரளத் தொழிலதிபர் ரவி பிள்ளையின் குழுமம் வாங்கிய பிறகு, லீலா பெயருடன் 'ரவீஸ்' என்பதும் சேர்ந்தது. குன்றின் சரிவோடு இழையும் கொரியாவின் வடிவமும், கீழே விரியும் கடலும் எல்லாப் பெயர்களுக்கும் பொதுவாக இருந்தன. கடற்கரை விடுதிக்கு இது ஒரு நல்வாய்ப்பு. விருந்தினர் தேடி வருவது இடத்தை என்பதால், பெயர் மாற்றத்தின் அதிர்ச்சி அங்கே குறைவு. நகர நடுவில் உள்ள வணிக ஹோட்டலுக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை. ஒரே சாலையில் ஐந்து ஹோட்டல்கள் ஏறக்குறைய ஒரே அறையை விற்கும்போது, தேர்வைத் தீர்மானிப்பதில் பெயருக்குப் பெரும் பங்கு உண்டு.

தாஜ் நடத்திய சோதனை

பெயர் மாற்றம் விருந்தினர் மனத்தில் எவ்வாறு பதிகிறது என்பதை அறிய, நாட்டில் நடந்த மிகப் பெரிய சோதனையாக டாடா குழுமத்தின் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனத்தின் அனுபவத்தைக் கொள்ளலாம். 2010ஆம் ஆண்டு அந்நிறுவனம் 'விவாந்தா பை தாஜ்' என்ற பெயரை அறிமுகப்படுத்தியது. அரண்மனைகளுக்கும் ஆடம்பர ஹோட்டல்களுக்கும் தாஜ், அதற்கு அடுத்த நிலைக்கு விவாந்தா, அதற்கும் அடுத்து கேட்வே, சிக்கன விலைக்கு ஜிஞ்சர் என்று அடுக்கு பிரிக்கப்பட்டது. மும்பை கஃப் பரேடில் உள்ள தாஜ் பிரசிடென்ட், பெங்களூரு மகாத்மா காந்தி சாலை ஹோட்டல், சென்னை கன்னிமாரா போன்ற பழகிய இடங்கள் விவாந்தா வரிசைக்கு மாறின.

நிறுவனத்தின் கணக்கு எளிதில் புரியக்கூடியது. ஒரே பெயரில் உதய்ப்பூர் ஏரி அரண்மனையும் நகரத்து வணிக ஹோட்டலும் இருந்தால், முன்னதன் மதிப்பு குறையும். பின்னதன்மீது நிறைவேற்ற இயலாத எதிர்பார்ப்பு விழும். எனினும் ஆண்டுக்கணக்காகத் தாஜில் தங்குவதாக எண்ணி வந்தவரிடம், இனி இது தாஜுக்கு ஒரு படி கீழே என்று சொல்வதாகவே அந்தப் பிரிப்பு அமைந்தது. அறையும் வாடகையும் முன்போலவே இருந்தாலும், தன் ஹோட்டலின் தகுதி இறக்கப்பட்டதாக விருந்தினர் உணர இடம் ஏற்பட்டது.

2017இல் நிறுவனம் திசை திரும்பியது. விவாந்தாவையும் கேட்வேயையும் தாஜ் என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவருவதாக அறிவித்தது. நிர்வாகத் தலைமை மாறியபின் அந்த முடிவும் மாற்றப்பட்டது. விவாந்தா தனிப் பெயராக மீண்டும் வந்தது. கேட்வே 2024இல் புதுப்பொலிவுடன் அறிவிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் இத்தனை திருப்பங்களைப் பின்தொடர்வது, தொழில்துறைச் செய்தியாளர்களுக்கே எளிதன்று.

பழைய ஹோட்டல்கள் எங்கே வந்து நின்றன என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. கன்னிமாரா 2018இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபோது தாஜ் கன்னிமாரா என்ற பழைய பெயருக்கே திரும்பியது. பெங்களூரு ஹோட்டலும் தாஜ் ஆனது. மும்பை ஹோட்டல், தனி அடையாளம் கொண்ட விடுதிகளுக்காக 2019இல் தொடங்கப்பட்ட 'செலக்ஷன்ஸ்' தொகுப்பில் பிரசிடென்ட் என்ற பெயரோடு சேர்ந்தது. மும்பைவாசிகள் அதை வேறு பெயரில் அழைத்ததில்லை என்றே சொல்லலாம்.

பற்று எதன்மீது?

விருந்தினர் பற்று என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவது உண்மையில் பல பற்றுகளின் தொகுப்பு. குழுமத்தின் பெயர்மீது ஒரு நம்பிக்கை. குறிப்பிட்ட கட்டடத்தின்மீது ஒரு பழக்கம். பெயர் சொல்லி வரவேற்கும் ஊழியர்மீது ஓர் உறவு. உணவகத்தின்மீது ஓர் ஆசை. சேர்த்து வைத்த புள்ளிகள்மீது ஒரு கணக்கு. பெயர் மாறும்போது இவை தனித்தனியே பிரிந்து தெரியத் தொடங்குகின்றன.

புதுதில்லியின் மௌர்யா ஹோட்டலைப் பார்க்கலாம். நெடுங்காலம் மௌர்யா ஷெரட்டன் என்று அறியப்பட்ட அந்த ஹோட்டல், பின்னர் ஷெரட்டனைக் கைவிட்டு ஐடிசி மௌர்யா ஆனது. ஆனால் அதனுள் இருக்கும் 'புகாரா' உணவகத்தின் பெயரிலோ, தந்தூர் அடுப்பிலோ, தால் புகாராவிலோ யாரும் கைவைக்கவில்லை. அங்கு உண்ண வருவோருக்கு வெளியிலுள்ள பலகை இரண்டாம்பட்சம். பெயர் மாற்றத்தைச் சேதமின்றிக் கடந்த ஹோட்டல்களில், இத்தகைய மாறாத ஒன்று உள்ளே இருந்ததைக் காணலாம்.

புள்ளிகளின் கதை வேறு. 2016இல் மேரியட் நிறுவனம் ஸ்டார்வுட்டை வாங்கியது. ஷெரட்டன், வெஸ்டின், லெ மெரிடியன் ஆகியவற்றின் பெயர்கள் அப்படியே நீடித்தன. ஆயினும் 2018 ஆகஸ்டில் உறுப்பினர் திட்டங்கள் இணைக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் 'பான்வாய்' என்ற புதுப் பெயர் பெற்றன. இங்கே மாறியது விருந்தினரின் கணக்குப் புத்தகம் மட்டுமே. இருந்தும், பழைய திட்டத்தில் உயர்நிலை உறுப்பினராக இருந்த பலருக்கு வாசல் பலகை மாறுவதைவிட இதுவே பெரிய மாற்றமாகப் பட்டது. புள்ளியால் கட்டப்பட்ட பற்று உறுதியானதுபோல் தோன்றும். கணக்கு மாறிய நாளில் அது எவ்வளவு மெல்லியது என்பது தெரியும்.

உரிமை மாறியும் பெயர் மாறாத நிகழ்வும் உண்டு. 2019இல் கனடாவின் புரூக்ஃபீல்டு நிறுவனம் பெங்களூரு, சென்னை, புதுதில்லி, உதய்ப்பூர் ஆகிய இடங்களிலுள்ள லீலா ஹோட்டல்களை 3,950 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயரையும் சேர்த்தே வாங்கியது. தங்க வந்தவர்களில் பலர் முதலாளி மாறியதை அறிந்திருக்கவே மாட்டார்கள்.

விருந்தினர் கவனிக்க வேண்டியவை

பெயர்ப் பலகையை ஓர் இரவில் மாற்றிவிடலாம். மெத்தை, குளியலறை, மின்தூக்கி, ஊழியர் பயிற்சி ஆகியவற்றைப் புதிய குழுமத்தின் தரத்துக்குக் கொண்டுவர மாதங்கள் ஆகும். சில இடங்களில் ஆண்டுகளும் ஆகும். இந்த இடைவெளியில்தான் விருந்தினரின் ஏமாற்றம் பிறக்கிறது. எதிர்பார்ப்பு உடனே உயர்ந்துவிடுகிறது, அறை பின்தங்கி நிற்கிறது. எனவே அண்மையில் பெயர் மாறிய ஹோட்டலில் பதிவு செய்வோர், புதுப்பிப்புப் பணி முடிந்த அறைதானா என்று கேட்டறிவது நல்லது. இணையத்தில் உள்ள மதிப்புரைகளில் பெயர் மாற்றத்துக்கு முந்தையவை எவை, பிந்தையவை எவை என்று தேதி பார்த்துப் படிக்க வேண்டும்.

நட்சத்திரத் தகுதியும் வணிகப் பெயரும் ஒன்றல்ல. மத்தியச் சுற்றுலா அமைச்சகம் வழங்கும் நட்சத்திர வகைப்பாடு, ஹோட்டல்கள் தாமே விரும்பிப் பெறுவது. ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிரபலமான பெயர் வந்ததாலேயே ஒரு ஹோட்டலுக்கு நட்சத்திரம் கூடுவதில்லை.

வரியிலும் விளைவு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதமும், அதற்கு மேற்பட்டால் 18 சதவீதமும் சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்படுகிறது. உயர்ந்த பெயருக்கு மாறிய ஹோட்டல் 7,200 ரூபாய் அறையை 7,800 ரூபாயாக்கினால், வாடகை உயர்வு 600 ரூபாய்தான். வரியோடு சேர்த்தால் விருந்தினர் தரவேண்டிய தொகை 7,560 ரூபாயிலிருந்து 9,204 ரூபாயாகிறது. முந்தைய நிதியாண்டில் 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை பெற்ற ஹோட்டலின் உணவகத்தில் சாப்பாட்டுக்கும் 5 சதவீதத்துக்குப் பதிலாக 18 சதவீத வரி உண்டு. அறை எடுக்காமல் மாலைச் சிற்றுண்டிக்கு மட்டும் வந்துபோகும் பழைய வாடிக்கையாளர், பெயர் மாற்றத்தின் விலையை அடுத்த நிதியாண்டில் தம் ரசீதில் காண்பார்.