ஆண் வேடமும் பெண் குரலும்

பேராக்கின் கிழக்கெல்லை மலைகளைக் கடந்து கிளந்தான் சென்றால், மாக் யோங் என்னும் பழைய மலாய் இசை நாடகம் வழங்கும் ஊர்களைக் காணலாம். அந்நாடகத்தில் அரசன் வேடத்திற்குப் பாக் யோங் என்று பெயர். அவ்வேடத்தைப் பெண்ணே தாங்கிப் பாடுவது மரபு. சுங்காய்த் தமிழர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆனால், ஐரோப்பிய மேடையும் தமிழ் மேடையும் இவ்வழக்கத்தை அறிந்தவையே. அவ்விரண்டிலும் இதற்குக் காரணமாய் அமைந்தது குரல்.

ஆண்பிள்ளையின் குரல் பருவம் வந்ததும் உடைந்து தாழ்கிறது. அவ்வாறு உடையாதிருக்கச் சிறுவர்க்கு அறுவை செய்து, அவர்களைப் பாடகராக்கும் கொடிய வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. 1762இல் வியன்னாவில் அரங்கேறிய குளுக்கின் 'ஓர்ஃபியோ' நாடகத்தில் தலைவனாகப் பாடியவர் அத்தகைய ஒருவரே. அவ்வழக்கம் நாடக மேடையை விட்டு மறைந்தபின், 1859இல் பாரிசில் அதே வேடத்தைப் பாலின் வியார்தோ என்னும் அம்மையார் ஏற்றுப் பாடினார்.

தமிழ் நாடகத்தில் அக்கொடுமை இல்லை; வேறொரு துன்பம் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதலிய பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவரே இராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாடினர். 'மகரக்கட்டு' வந்து குரல் உடைந்ததும், நேற்றுவரை இராஜபார்ட்டாக விளங்கிய பையன் தன் வேடத்தை இழக்க நேர்ந்தது. பெண் குரலுக்கு இத்தகைய முறிவு இல்லை. மேலும், ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி ஆடவரும் மேல் சுருதியிலேயே பாடினர். ஆகவே, பெண் ஆண் வேடம் பூண்டு பாடியபோது செவிக்கு வேற்றுமை பெரிதாகத் தோன்றவில்லை. குடந்தைப் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்தி, ஆண் வேடங்களையும் அவர்களுக்கே அளித்தார்.

கே. பி. சுந்தராம்பாளின் வரலாறு இவ்வழக்கத்தின் மற்றொரு பயனைக் காட்டுகிறது. கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. இனி எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டார். தலைவன் தலைவி கதைகளே மலிந்திருந்த மேடையில், அவ்வுறுதி பிழைப்பையே அடைத்துவிடக் கூடியது. ஆண் வேடம் அதற்கு வழி திறந்தது. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவர் நந்தனாராகவே நடித்துப் பாடினார். பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய்.

ஆகவே, இவ்வழக்கத்தை வெறும் வேடிக்கையெனத் தள்ளுதல் பொருந்தாது. அது குரலுக்கு உரிய இடத்தைக் குரலுக்கே அளித்தது. துணையிழந்த ஒரு பெண் தனித்து நின்று பாடவும் இடம் தந்தது.